அந்த ராக்கெட்டில் ஒரு குறையும் இல்லை

சரியான டென்னிஸ் ராக்கெட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று என்னிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்லத் தயாராகத்தான் இருக்கிறேன். ஏழு வருடமாகத் தயாராக இருக்கிறேன். ஆனால் எங்கள் சொந்தபந்தத்தில் யாராவது ராக்கெட் என்று வாயெடுத்தாலே பக்கத்தில் இருப்பவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் அவரை முறைப்பேன். அவர் உடனே, "உங்க பக்கம் சாரல் எப்படி?" என்று பேச்சை மாற்றுவார். (அதுவும் ஒரு குத்தல்தான். ஏன் என்று போகப் போகத் தெரியும்.)

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். அந்த ராக்கெட்டால் ஒன்பது ஆம்பளைகள், இரண்டு மகள்கள், ஒரு வெள்ளாடு இத்தனை பேர் முன்னால் எனக்கு மானம் போனது. போனது போனதுதான். ஆனால் ராக்கெட் தப்பு என்று மட்டும் என் வாயிலிருந்து வராது.

ராஜபாளையத்தில் ஒரு மில்லில், நூலின் தரம் பார்க்கும் லேபில் எனக்கு வேலை. நூற்பும் உண்டு, தறியும் உண்டு. நூலை இழுத்துப் பார்த்து எத்தனை பலத்தில் அறுகிறது என்று எழுதுவது, முறுக்கு எண்ணுவது, பஞ்சில் ஈரம் எவ்வளவு என்று பார்ப்பது, கடைசியில் 'தேறியது' என்று கையெழுத்துப் போடுவது. என் கையெழுத்து இல்லாமல் ஒரு கோன் நூல் கேட்டைத் தாண்டாது. (இந்தத் திமிரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.) வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். காலை ஆறிலிருந்து ஏழு வரை அவர் வாத்தியார் இல்லை, டென்னிஸ் வீரர்.

ஊருக்கு மேற்கே ஒரு மாந்தோப்புக்குள் செம்மண் களம் ஒன்று உண்டு. தோப்புக்காரர், ஓய்வுபெற்ற ஏட்டையா ஒருவர், மருந்துக்கடைக்காரர் என்று ஒன்பது பேர் அங்கே விளையாடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் வீட்டில் நான் இட்லி ஊற்றி, சட்னி அரைத்து, மதியச் சாப்பாட்டுக்கு நாலு டப்பா கட்டி, இரண்டு பெண்களுக்கும் தலை பின்னி, நானும் குளித்து, ஏழே முக்காலுக்கு மில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். ஆட்டம் முடிந்து டீயும் குடித்துவிட்டு அவர் எதிரே வருவார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "காலைல செத்த நேரம் ஓடியாடிட்டு வந்தா மனசே லேசா இருக்குட்டி" என்பார். எனக்கு அப்போது பஸ்ஸுக்கு ஓடுவதே போதுமானதாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சாவியை வாங்கத் தோப்புக்குப் போனேன். ஆட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய ராக்கெட் பெஞ்சில் கிடந்தது. சும்மா கையில் எடுத்தேன். கூமாப்பட்டியில் இருந்து வத்திராயிருப்புக்குப் போய்ப் படித்த காலத்தில் பன்னிரண்டாவது வரை பள்ளிக்கூடத்துப் பூப்பந்து அணியில் நான்தான் முன்வரிசை. கை பழைய ஞாபகத்தில் ஒரு வீசு வீசியது.

மனுஷன் டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"ஏட்டி, கீழ வையி! ராசியான ராக்கெட்டு. கை மாறுனா ராசி போயிரும்."

ஏட்டையாதான் எனக்காகப் பேசினார். "ஏன் சார், பிள்ள ஒரு அடி அடிச்சுப் பாக்கட்டுமே."

"அவளுக்கு எதுக்கு ஏட்டையா டென்னிசு? அதுக்கெல்லாம் நேரம் வேணும்ல."

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, சாதாரணச் சிரிப்புதான். ஆனால் எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. என்னுடைய ஒரு மணி நேரத்தைத் தினமும் எடுத்துக்கொண்டு வந்து இங்கே விளையாடுகிற ஆள், எனக்கு நேரம் இல்லை என்று சொல்கிறார்!

"சரி, ஆடுவோம்" என்றேன். "மூணு வாரம் கழிச்சு, இதே ஞாயித்துக்கிழமை, ஒரு செட்டு. அதுல ஒரே ஒரு கேம் நான் எடுத்தாப் போதும். திங்க, புதன், வெள்ளி காலைல நான் இங்க வாரேன். நீங்க அடுப்படியில நில்லுங்க."

ஒரு செட்டை ஜெயிக்க ஆறு கேம் வேண்டும். நான் கேட்டது ஒன்று. அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, பெரிய மனதோடு, "ஒண்ணுதான? எடுத்துக்கோ பாப்பம்" என்றார். நான் தோற்றால் என்ன என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கணக்கு வாத்தியார்தான், ஆனாலும் சமன்பாட்டில் ஒரு பக்கத்தை அப்படியே விட்டுவிட்டார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, சரியான ராக்கெட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எனக்குப் பாடமே நடத்தினார். புதிதாக ஆடுகிறவர்களுக்குத் தலை பெரிதாக இருக்க வேண்டும், கனம் குறைவாக இருக்க வேண்டும். பிடியைப் பிடித்தால் விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். நரம்பை ரொம்ப இறுக்கக் கூடாது, கொஞ்சம் தளர்வாக இருந்தால்தான் பந்து தானாகத் தெறித்துப் போகும். எல்லாமே சரியான யோசனைகள். இன்றைக்கு யார் கேட்டாலும் நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் அன்றைக்குச் சொன்னது அவர். எனவே ஒவ்வொன்றுக்கும் நேர் எதிராகச் செய்வது என்று சாம்பார் ஊற்றும்போதே முடிவு செய்துவிட்டேன்.

ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கடை. வாசல் முழுக்கக் கேரம் போர்டும், கபடிப் போட்டிக்குக் கொடுக்கிற கோப்பைகளும். டென்னிஸ் ராக்கெட் என்றதும் கடைக்கார அண்ணாச்சி என்னைத் திருத்தினார். "ஷட்டில் பேட்டாம்மா?"

"இல்ல அண்ணாச்சி, டென்னிஸ்தான்."

மூன்று இருந்தது. ஒன்று சின்னப் பிள்ளைகள் ஆடுகிற ரோஸ் கலர். இரண்டாவது கறுப்பு நிறம். கையில் வாங்கினால் காற்றை வாங்கியது மாதிரி இருந்தது. "இத எடுத்துக்கோங்கம்மா, லேசு, கை வலிக்காது" என்றார். மூன்றாவது மேல் தட்டில் பழைய கபடி பனியன்களுக்கு அடியில் கிடந்தது. அலுமினியச் சட்டம். தூசி தட்டிக் கொடுத்தார். கை ஒரு அங்குலம் கீழே இறங்கியது. எனக்கு மனசு நிறைந்து போனது.

நான் விவசாய வீட்டுப் பெண். அரிவாள் வாங்கினாலும் மண்வெட்டி வாங்கினாலும் எங்கள் அப்பா முதலில் தூக்கிப் பார்ப்பார். கனமில்லாததைத் திருப்பி வைத்துவிடுவார். பிடியும் அப்படித்தான், கை நிறைய இருக்க வேண்டும், ஒரு விரல் நுழைகிற கதையெல்லாம் எங்களிடம் கிடையாது. அந்த அலுமினிய ராக்கெட்டின் பிடி மண்வெட்டிக் கணை அளவுக்கு இருந்தது. என் விரல்கள் ஒன்றையொன்று தொடவே இல்லை.

"இதுதான் அண்ணாச்சி."

"அது ஆம்பளையாளுகளே தூக்க யோசிப்பாகம்மா. நரம்பும் நஞ்சு போச்சு. புது நரம்பு கட்டணும்னா மதுரைக்குத்தான் அனுப்பணும். வர பத்து நாளாகும்."

"நரம்ப நான் பாத்துக்கிடுதேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நூல் மில்லில் வேலை பார்க்கிறவளிடம் நரம்பைப் பற்றிப் பேசினால் எப்படி?

தறி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். தறியில் நெடுக்காக ஓடும் பாவு நூல் தளர்ந்தால் துணி உருப்படாது. பதினோரு வருடமாக நான் காலையில் எழுந்ததும் நினைப்பதே பாவு தளரக் கூடாது என்பதுதான். அப்படிப்பட்டவளிடம் போய், நரம்பு தளர்வாக இருக்கட்டும் என்றால் கேட்பேனா? நல்ல பருத்தி நூலை எட்டு இழையாகச் சேர்த்து, முறுக்கு மெஷினில் கொடுத்து இரும்புக் கம்பி மாதிரி முறுக்கினேன். பாவு நூலுக்கு விறைப்பு வரக் கஞ்சி போடுவோம், அதே கஞ்சியில் இரண்டு முறை முக்கிக் காய வைத்தேன். பிறகு தறி ஃபிட்டர் சுடலை அண்ணனிடம் கொண்டுபோனேன்.

அவர் ராக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தங்கச்சி, இது தறி இல்ல. பந்து அடிக்கிற சாமான்."

"இழுவ நல்லா இருக்கணும்ண்ணே. எம்புட்டு முடியுமோ அம்புட்டு."

ஸ்பானரை நெம்புகோலாக வைத்து அவர் ஒவ்வொரு இழையாக இழுத்து முடிச்சுப் போட்டார். பத்தாவது இழையில் சட்டம் 'கிர்' என்றது. சுடலை அண்ணன் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான், "இழுங்க" என்றேன். முடிந்ததும் நகத்தால் சுண்டினேன். கோயில் மணி மாதிரி டங்கென்றது. அந்தச் சத்தத்தில் நான் மயங்கினேன் என்பதுதான் உண்மை.

அதோடு விட்டேனா? லேப் படிவம் ஒன்றை எடுத்து ராக்கெட்டுக்குத் தரச் சான்றிதழே எழுதினேன். வலு: தேறியது. முறுக்கு: தேறியது. இழுவை: தேறியது. கஞ்சி: தேறியது. கீழே ஈரப்பதம் என்று ஒரு கட்டம் இருந்தது. தினமும் காலையில் முதல் வேலையாக நான் நிரப்புகிற கட்டம் அது. ராக்கெட்டுக்கு எதற்கு ஈரப்பதம் என்று ஒரு கோடு போட்டுவிட்டுக் கையெழுத்திட்டேன்.

மூன்று வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பஞ்சுக் குடோன் சுவரில் அடித்துப் பழகினேன். முதல் வாரம் முழங்கை வீங்கியது. இரண்டாவது வாரம் இட்லிக் கொப்பரையை இறக்க முடியவில்லை, பெரியவள் வந்து இறக்கினாள். மூன்றாவது வாரம் வலி பழகிப்போனது, பந்தும் சொன்ன இடத்துக்குப் போக ஆரம்பித்தது. தறிக்காரப் பெண்கள் சோற்று வாளியோடு வந்து நின்று பார்த்தார்கள். "மேடம், சாரை விட்ராதீங்க" என்றாள் ஒருத்தி. இது என் வீட்டுச் சண்டை மட்டும் இல்லை என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. அங்கே நின்ற ஒருத்திக்கும் காலையில் சொந்தமாக ஒரு மணி நேரம் கிடையாது.

போட்டி நாள் வந்தது. ஆடி மாதம். மலை உச்சியில் மேகம் குந்தியிருந்தது. சுடிதாரும் கேன்வாஸ் ஷூவுமாகக் களத்தில் இறங்கினேன். என் இரண்டு பெண்களும் பெஞ்சில். ஏட்டையா நடுவர், கையில் குடை. தோப்புக்காரரின் வெள்ளாடு ஓரத்தில் கட்டிக் கிடந்தது.

முதல் மூன்று கேமும் எப்படிப் போனது என்று எழுத மாட்டேன். போனது. நாலாவது கேமில் என் கை சூடு பிடித்தது. என் சர்வீஸ். டங்கென்று ஒரு அடி. பந்து கல் மாதிரி போய் அவர் காலடியில் விழுந்தது. அவருக்கு ராக்கெட்டை நீட்டக்கூட நேரம் இல்லை. சின்னவள் எழுந்து நின்று கத்தினாள். அடுத்ததும் அப்படியே. நடுவே இரண்டை விட்டேன். அடுத்ததை அவரே வலையில் அடித்தார். ஏட்டையா தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாப்பது, முப்பது. அம்மாவுக்கு" என்றார்.

இன்னும் ஒரே ஒரு பாயிண்ட். எடுத்தால் வாரத்தில் மூன்று காலை எனக்கு.

செத்த நேரமாகவே சாரல் விழுந்துகொண்டிருந்தது. நான் கவனிக்கவில்லை. அவர் வலைக்குப் பக்கத்தில் வந்து, "மழ வலுக்குதுட்டி. நிறுத்திட்டுப் பொறவு இதே இடத்துல இருந்து ஆடுவமா?" என்றார்.

ஏட்டையாவும், "சார் சொல்றதும் சரிதாம்மா" என்றார்.

எனக்குத் தந்திரமாகத் தெரிந்தது. ஆட்டத்தை ஆறப் போட்டு என் சூட்டைத் தணிக்கப் பார்க்கிறார்! "சாரலுக்குப் பயந்தவ இல்ல நானு. கூமாப்பட்டிக்காரி. போயி நில்லுங்க" என்றேன்.

அந்த மனுஷன் அன்றைக்கு நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார். ராக்கெட் 'கிர்' என்று முனகியதைக்கூட நான் கேட்டேன். மழையில் நனைந்த கயிறு முறுக்கேறி இறுகும் என்பது கிணற்றில் தண்ணீர் இறைத்த எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? ஈரப்பதம் பார்த்தே சம்பளம் வாங்குகிறவள். தெரியும். அந்த நிமிஷம் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

பந்தைத் தூக்கிப் போட்டு முழு பலத்தையும் சேர்த்து அடித்தேன். 'மடக்' என்று ஒரு சத்தம். பந்து பக்கவாட்டில் பறந்து தோப்புக் கிணற்றில் விழுந்தது. ராக்கெட்டைப் பார்த்தேன். ஒரு பக்கச் சட்டம் உள்ளே அமுங்கி, நசுங்கின தூக்குவாளி மாதிரி இருந்தது. அந்தப் பக்கத்து இழைகள் மட்டும் தொய்ந்து தொங்கின.

இன்னொரு சர்வீஸ் பாக்கி இருந்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மறுபடி பந்தைத் தூக்கிப் போட்டு அடித்தேன். எதிரே அவர் குனிந்து தயாராக நின்றார். பந்து வரவில்லை. வானத்தைப் பார்த்தார். ஏட்டையா குடையை விலக்கி வானத்தைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் மாமரத்தைப் பார்த்தார்.

"பந்து எங்கம்மா?" என்றார் ஏட்டையா.

"இங்கதான் இருக்கு ஏட்டையா" என்றேன்.

தொய்ந்த இழைகளுக்கு நடுவே கூட்டில் முட்டை மாதிரி பந்து உட்கார்ந்திருந்தது. உலுக்கினேன், விழவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் பெண்கள் சிரித்தார்கள். பெற்ற பிள்ளைகள்! பந்தைப் பிடுங்கி எடுப்பதற்காக ராக்கெட்டை ஓரமாகக் கொண்டுபோனேன். கஞ்சி ஊறி வாசம் கிளம்பியிருக்க வேண்டும், அந்த வெள்ளாடு எட்டி வந்து நரம்பை நக்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு ஏட்டையாவே குடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

சிரிக்காதது ஒரே ஒருவர். அவர் வலையைத் தாண்டி வந்து, தன்னுடைய ராசியான ராக்கெட்டை என்னிடம் நீட்டினார். "இந்தா. இத வச்சு ஆடு. நான் மருந்துக்கடைக்காரருத வாங்கிக்கிடுதேன்."

இரண்டு சர்வீஸும் வீணாகி அந்தப் பாயிண்ட் அவருக்குப் போனாலும், ஆட்டம் அப்போது நாற்பதுக்கு நாற்பது என்று சமநிலையில்தான் இருந்தது. அதை வாங்கியிருந்தால் இரண்டு பாயிண்ட் எடுத்து ஜெயித்திருப்பேன் என்றே இன்றும் நம்புகிறேன். கையும் நீண்டது. ஆனால் அந்த ராக்கெட்டால் ஜெயித்தால், காலம் பூராவும் என் மூன்று காலைகளும் அதன் ராசியால் வந்ததாக ஆகிவிடுமே? "வேண்டாம். என் ராக்கெட்டு போதும்" என்றேன்.

ஆறு–சைபர்.

வீட்டுக்கு வந்தேன். குளியலறையில் போய் அழுதேன், நன்றாகவே அழுதேன். தோற்றதற்கு இல்லை. நாளைக்குத் திங்கள்கிழமை, மறுபடியும் ஆறு மணிக்கு அதே இட்லி, அதே சட்னி, அதே ஓட்டம் என்ற நினைப்புக்கு. முகத்தைக் கழுவும்போதுதான் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு மூளை வேலை செய்யும்.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். கேன்வாஸ் ஷூவை மாட்டினேன். நசுங்கின ராக்கெட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அவரும் தன் ராக்கெட்டோடு வந்து நின்றார்.

"எங்கட்டி போற?"

"தோப்புக்கு."

"நேத்துதான தோத்த?"

"அதான் போறேன். தோத்தவதான பழகணும்? ஜெயிச்ச ஆளுக்கு இனி எதுக்குப் பழக்கம்? வீட்ல இருங்க. மாவு ஃபிரிட்ஜ்ல இருக்கு."

நான் தோற்றால் காலையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று யாரும் எங்கேயும் சொல்லவில்லை என்பது கணக்கு வாத்தியாருக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. நான் தெருமுனை திரும்பும் வரை அவர் படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

ஏழு மணிக்குத் திரும்பி வந்தேன். மனசு உண்மையிலேயே லேசாகத்தான் இருந்தது. (அந்த ஒரு விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை.) அடுக்களையில் அவர் தோசைக் கல் முன்னால் சிவந்த கண்ணோடு நின்றார். தட்டில் முதல் தோசை. ஒரு பக்கம் உள்ளே அமுங்கி, மறுபக்கம் புடைத்து, வால் மாதிரி ஒரு நீட்டலோடு இருந்தது. சின்னவள் அதைத் தூக்கிப் பிடித்து, சுவரில் நான் சாத்தி வைத்த ராக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "அக்கா, இங்க பாரேன், அம்மா ராக்கெட்!" என்றாள்.

புதனும் வெள்ளியும் அப்படியே போனேன், அதுவே வழக்கமாகிவிட்டது. ஏழு வருடம் ஆகிறது. பெரியவள் கல்லூரிக்குப் போய்விட்டாள். எங்கள் குடும்பத்தில் கோணலாக எது வந்தாலும் அது அம்மா ராக்கெட்தான். வட்டமாக வராத சப்பாத்தி, சரிந்த கோலம், சித்தப்பா கட்டின புது வீட்டு மாடிப்படி எல்லாமே. விசேஷத்துக்குப் போனால் யாராவது ஆட்டுக் கதையைச் சொல்லாமல் இலை எடுப்பதில்லை. சொல்லட்டும். அந்த ராக்கெட் அடுக்களைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. அதற்குக் கீழே என் தரச் சான்றிதழும் இருக்கிறது. ஈரப்பதக் கட்டத்தில் மட்டும் யாரோ பென்சிலால் 'ஆடு நக்கியது' என்று எழுதியிருக்கிறார்கள். கையெழுத்தைப் பார்த்தால் கணக்கு வாத்தியார் எழுதிய மாதிரிதான் தெரிகிறது.

எந்த ராக்கெட்டால் வாரத்தில் மூன்று காலை கைக்கு வருகிறதோ அதுதான் சரியான ராக்கெட். திங்கள், புதன், வெள்ளி ஏழு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால் நீங்களே பார்க்கலாம். நான் தோப்பிலிருந்து வந்து கொண்டிருப்பேன். உள்ளே அவர் தோசை ஊற்றிக்கொண்டிருப்பார். இன்னும் அவருக்கு வட்டமாக வரவில்லை.